கடைசியாய் இறங்கிய கால்

ஒரு பாட்டின் மூன்றாவது சரணத்தைக் கேட்பதற்காக, ஐம்பத்து நான்கு வயதில், மனைவியிடம் பொய் சொல்லிவிட்டுக் கடல் கடந்தவன் நான். இதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

பாடியவர் ஜெறோம். யாழ்ப்பாணத்துத் தீவுக்காரர். முப்பது வருடமாக நோர்வேயில் பஸ் ஓட்டுகிறார். அங்கே போவதற்கு முன்னால், தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டாரும் கையுமாகப் பாடிய எட்டுப் பாட்டுகள் ஒரே ஒரு கேசட்டாக வந்தன. திருச்சியில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன், அந்தப் பக்கத்திலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்தவன், அதை எனக்குக் கொடுத்தான். எட்டாவது பாட்டுதான் என் வியாதி.

இறங்குதுறையில் ஒரு பெண் சிவப்புக் குடையோடு காத்து நிற்கிறாள். இது முதல் சரணம். லோஞ்ச் என்கிற மோட்டார் படகு வருகிறது, தேங்காய் மூட்டை இறங்குகிறது, பாதிரியார் இறங்குகிறார், ஓர் ஆடு இறங்குகிறது. எல்லாரும் இறங்கியாயிற்று என்று நினைக்கும்போது, 'கடைசியாய்ப் படியில் ஒரு கால் இறங்குது.' இது இரண்டாவது. அந்தக் காலுக்கு மேலே இருப்பது யார் என்பது மூன்றாவதில் வந்தாக வேண்டும். வருவதற்குள் என் டேப் ரெக்கார்டர் கேசட்டைத் தின்றுவிட்டது. பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். நாடா இடியாப்பமாக வந்தது.

வேறு பிரதி கிடைக்கவில்லை. இணையத்தில் எதை எதையோ ஏற்றி வைத்திருக்கிறார்கள், இதை யாரும் ஏற்றவில்லை. கனடாவில் இருக்கும் அறைத்தோழனைக் கேட்டால், அப்படி ஒரு கேசட் தன்னிடம் இருந்ததே நினைவில்லை என்கிறான். அதோடு விட்டிருக்கலாம். நானோ ஒரு சிற்றிதழில் அந்தக் காலைப் பற்றிப் பதினோரு பக்கக் கட்டுரை எழுதினேன். அது தனி மனிதரின் கால் அல்ல, வரலாற்றின் கால் என்று அதில் நிறுவியிருந்தேன். கட்டுரையை முழுதாகப் படித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் மெய்ப்புத் திருத்தியவர்.

இந்த வருடம் ஜெறோம் ஊருக்கு வருகிறார், நெடுந்தீவில் தான் பிறந்த வீட்டு வளவில் நாற்பது பேருக்கு மட்டும் பாடப்போகிறார் என்று தெரிந்தது. ஏற்பாட்டாளரான வேலணைச் சிவநேசனுக்கு எழுதினேன். தெரிந்த ஆட்களுக்கு மட்டும்தான் இடம் என்று பதில் வந்தது. உடனே என் பதினோரு பக்கத்தையும் அனுப்பி, அடியில் 'எழுத்தாளர், திருச்சி' என்று கையெழுத்துப் போட்டேன். மறுநாளே இடம் கிடைத்தது. வீட்டில், யாழ்ப்பாணத்தில் ஓர் இலக்கியக் கூட்டம், பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். "உங்களையா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

முதல் நாள் வேலணையில் சிவநேசன் வீட்டில் தங்கல். அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிற, நாற்பத்தைந்து வயதுக்காரர். நோட்டுப் புத்தகம் இல்லாமல் கிணற்றடிக்குக்கூடப் போகமாட்டார் போலிருந்தது. அவர் மனைவி தேத்தண்ணியும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடிக்க வேண்டுமாம். நான் அதை உள்ளே போட்டுக் கலக்கிவிட்டு, குடித்துப் பார்த்தால் உப்புக் கரித்தது.

"தண்ணி கொஞ்சம் உவர், சேர்," என்றார் சிவநேசன். "ரெண்டு நாளிலை பழகிப்போடும். பேந்து உங்கட ஊர்த் தேத்தண்ணி உங்களுக்குச் சப்பெண்டு இருக்கும்."

எங்கள் ஊரில் காவிரித் தண்ணீரைப் பற்றி ஒருவர் பத்து நிமிடம் பெருமை பேசாமல் காபி தரமாட்டார். இங்கே குறையை ஒரே வாக்கியத்தில் சொல்லி, அதையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

பிறகு நோட்டுப் புத்தகத்திலிருந்து நிகழ்ச்சி நிரலை எடுத்து நீட்டினார். அச்சடித்தது. 'பிரதம விருந்தினர் சிறப்புரை' என்ற வரிக்குக் கீழே என் பெயர், தடித்த எழுத்தில். ஜெறோமைத் தேடினேன். பதினொன்றாவது வரியில், நன்றியுரைக்கு ஒரு படி மேலே, சிறிய எழுத்தில் 'பாட்டு' என்று இருந்தது.

"உங்களுக்கு எட்டு நிமிசம் போட்டிருக்கு, சேர்."

"எனக்கு எதற்குப் பேச்சு? நான் பாட்டுக் கேட்க வந்தவன்."

"எல்லாரும் பாட்டுக் கேக்கத்தானே வருகினம். அதுக்கு முன்னம் ஆராவது கதைக்க வேணுமெல்லோ? மனுசன் சும்மா எழும்பிப் பாடத் தொடங்கினால் சனம் என்ன நினைக்கும்?"

மனைவியிடம் சொன்ன பொய் இப்படி அச்சேறி மெய்யாகிப்போனது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மதியம் ஒடியல் கூழ், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சியது. எங்கள் பக்கம் கூழ் என்றால் ஆடி மாதம், அம்மன் கோயில், ஒரு வெங்காயம். இங்கே சட்டிக்குள் நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை என்று ஒரு சிறிய ஊரே குடியிருந்தது. முதல் வாயிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

"ஊதி ஊதிக் குடியுங்கோ. நண்டுக்காலைச் சும்மா வைக்காதேங்கோ, சப்பிப்போட்டு வையுங்கோ," என்றார் சிவநேசன் மனைவி. காலை விட்டுவிடுகிற ஆள் நானில்லை என்பது அவருக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் நயினாதீவுக் கோயிலுக்குப் போகக் கிளம்பி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கடல் இருக்க நடுவில் ரோடு ஓடுகிற அழகில் மயங்கி, புங்குடுதீவில் ஏதோ ஒரு திருப்பத்தில் இதுதான் துறை என்று நினைத்து இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகுதான் கடல் எந்தப் பக்கம் என்றே தெரியாத இடத்தில் நிற்கிறேன் என்று புரிந்தது. பெரிய பெரிய வீடுகள். கேட்டுகளில் பூட்டு. ஒரு நாய் என்னோடு கொஞ்ச தூரம் வந்து, நான் கதைக்கு உதவாத ஆள் என்று முடிவு செய்து திரும்பிப் போனது. ஒரு வேலிக்குப் பின்னாலிருந்து பெண் குரல்.

"ஆரைத் தேடுறியள்?"

"யாரையும் தேடவில்லை அம்மா."

"ஆரையும் தேடாமல் ஏன் இஞ்சை வந்தனீங்கள்? இஞ்சை வாறவை ஆரையாவது தேடித்தான் வாறவை." சற்று யோசித்து, "காணி பாக்க வந்தனீங்களோ?" என்றார்.

பாட்டுக் கேட்க வந்தேன் என்று சொன்னால் நாய் நினைத்ததையே அவரும் நினைப்பார் என்று தோன்றியது. அடுத்த பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்று, மறுநாள் பேச்சை ஒத்திகை பார்த்தேன். இரண்டே வாக்கியம். "நான் கேட்க வந்தவன். ஜெறோம் பாடட்டும்." நின்ற இடத்தில் ஏழு தடவை சொல்லிப் பார்த்தேன். அப்பழுக்கில்லாத பேச்சு.

மூன்றாம் நாள் காலை நெடுந்தீவு லோஞ்ச். சங்கப் பாட்டில் நெய்தல் திணையைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவன் நான். நெய்தல் திணைக்குள் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கத்தான் என்னால் முடியவில்லை. பக்கத்தில் அறுபது வயது தாண்டிய ஒரு பெண்மணி, வெறுங்காலோடு, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு இருந்தார். வாந்தி வரப்போகிற என் முகத்தைப் பார்த்து ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

"தேசிக்காயை மணந்துகொண்டிருங்கோ. சத்தி வந்தால் அங்காலைப் பக்கம் எடுங்கோ. இந்தப் பைக்குள்ளை செருப்புக் கிடக்கு."

"செருப்பைப் பையிலா வைத்திருக்கிறீர்கள்?"

"லோஞ்சிலை நான் செருப்புப் போடுறேல்லை. ஒருக்காப் போட்டு மானம் போனது." பிறகு, "எங்கை போறியள்?" என்றார்.

"ஜெறோம் பாட்டுக் கேட்க."

"அவன் என்ரை தம்பியெல்லோ. நான் பிலோமினா. ஊர்காவற்றுறையிலை கலியாணம் கட்டினனான். எங்கட அவர் கடலுக்குப் போறவர்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பது வருடத்து ரசிகனுக்குரிய ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து லோஞ்ச் ஓர் அலையின் உச்சியிலிருந்து கீழே விழுந்தது. வாயிலிருந்து வந்தது வாக்கியம் அல்ல.

பிலோமினா அக்கா என் முதுகைத் தடவிவிட்டார். "ஓம், அவன்ரை பாட்டைக் கேட்டால் எங்கட அவருக்கும் இப்பிடித்தான் வாறது."

நெடுந்தீவில் வேலிகூடக் கல். கடலிலிருந்து எடுத்த முருகைக் கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஜெறோமின் வளவு துறையிலிருந்து பத்து நிமிட நடை. தகரப் பந்தலுக்குக் கீழே, வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருவர் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிக்காரர் என்று நினைத்து, "பாடகர் வந்துவிட்டாரா?" என்று கேட்டேன்.

"ஓம், வந்திட்டார். கதிரை அடுக்குறார்," என்றார்.

திரும்புகிற லோஞ்ச் மூன்று மணிக்கு. ஒன்றே ஒன்றுதான். பதினொன்றுக்கு விழா தொடங்கினால் பாட்டுக்கு நிறைய நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பந்தலுக்குள் கடல்காற்று வீசுகிறபோது ஐந்து பிரமுகர்கள் ஐந்து திரிகளை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நான்காவது திரி பற்றும்போது இரண்டாவது அணையும். பிறகு, இல்லாமல் போனவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம். அதில் மட்டும் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நானும்தான். பிறகு பங்குத்தந்தையின் ஆசியுரை, சிவநேசனின் வரவேற்புரை, ஒரு வாழ்த்துரை, அந்த வாழ்த்துரைக்கு ஒரு வாழ்த்துரை. பிறகு நான்.

"நான் கேட்க வந்தவன்," என்று தொடங்கினேன். அடுத்த வாக்கியம் 'ஜெறோம் பாடட்டும்' என்று இருந்திருக்க வேண்டும். இடையில், லோஞ்சில் நான் பட்ட பாட்டை ஒரு வரி சொல்லிவைத்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தோடு நான் தொலைந்தேன். திருச்சியில் என் பேச்சுக்கு யாரும் சிரித்ததில்லை. கேசட், பென்சில், இடியாப்பம், சிற்றிதழ் என்று போய், காலுக்கு வந்துவிட்டேன். "அது யாருடைய கால்?" என்று பந்தலைப் பார்த்துக் கேட்டேன். "ஒரு பெண்ணுடையதா, ஆணுடையதா? இல்லை நண்பர்களே. அது வரலாற்றின் கால்." முன்வரிசையில் பிலோமினா அக்கா குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். பிறகு அதை மெல்லக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். எவ்வளவு ஒன்றிப்போய்க் கேட்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நடுவில் சிவநேசன் ஒரு துண்டுக் கடதாசியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். பாராட்டுக் குறிப்பாக இருக்கும், பிறகு ஆற அமரப் படிக்கலாம் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொடர்ந்தேன். அந்தக் கால் யாருடையது என்பதை இன்று மூன்றாவது சரணத்தில் கேட்கப்போகிறோம் என்று முடித்தேன். நல்ல கைதட்டல். இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது.

பாட வந்தவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

இனியாவது பாட்டு என்று நினைத்தால், சாப்பாடு. "பசியோடை இருந்து கேட்டால் பாட்டுக்கு மரியாதையில்லை, சேர்," என்றார் சிவநேசன். நண்டுக் கறியும் கணவாய்ப் பிரட்டலும் பாட்டுக்கு எவ்வளவு மரியாதை செய்ய முடியுமோ அவ்வளவும் செய்தன. எல்லாரும் கை கழுவி வந்து உட்கார்ந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது.

ஜெறோம் மைக்கைத் தள்ளி வைத்தார். கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்களோடு பேசுகிற மாதிரியே பாடத் தொடங்கினார். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. மேலே போகிற இடங்களில் அவர் போகவில்லை; அந்த இடத்தை எங்களிடம் விட்டுவிட்டு, கிட்டாரை மட்டும் அனுப்பினார். நாற்பது பேரும் அந்த இடத்தை வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டார்கள். அந்த நான்கு பாட்டுக்காக நான் இன்னொரு பொய்கூடச் சொல்வேன்.

பிறகு என் பக்கம் பார்த்தார். "சேர் கேட்ட பாட்டை இப்ப பாடுறன். கன காலம் பாடேல்லை."

குடையோடு அவள் நின்றாள். லோஞ்ச் வந்தது. தேங்காய் மூட்டை, பாதிரியார், ஆடு. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். 'கடைசியாய்ப் படியில் ஒரு கால் இறங்குது.' கிட்டார் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அடுத்த வரிக்கு அவர் வாயைத் திறந்தார்.

துறையிலிருந்து லோஞ்ச் ஊதியது.

நாற்பது கதிரைகளும் ஒரே நேரத்தில் பின்னால் போயின. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பைகள் தோளில் ஏறின, குடைகள் விரிந்தன. பங்குத்தந்தை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்விட்டார். தீவுக்காரர்களின் எலும்புக்குள் அந்த ஊதல் இருக்கிறது. தேவாரம் பாதியில் இருந்தாலும் பூசை பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். பாடிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். கிட்டார் பைக்குள் போய், ஜிப்பும் இழுத்தாகிவிட்டது.

"லோஞ்ச், சேர்," என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்கிற குரல்.

முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் என் டேப் ரெக்கார்டர் நின்ற அதே இடம். ஒரு சரணம் பாட ஒரு நிமிடம் ஆகும். நான் பேசியது இருபத்தாறு. நன்றியுரையை சிவநேசன் நடந்துகொண்டே சொல்லி முடித்தார்.

லோஞ்சில் எஞ்சினுக்குப் பக்கத்துப் பலகைதான் கிடைத்தது. சட்டைப்பையில் இருந்த துண்டுக் கடதாசியை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 'சேர், காணும்' என்று எழுதியிருந்தது. போதும் என்று அர்த்தம்.

பாதிக் கடலில் ஜெறோம் என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பிறகு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, பாடினார். எனக்கு மட்டும், மூன்றாவது சரணத்தை. உதடுகள் அசைவதைப் பார்த்தேன். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். டீசல் புகையில் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது. முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில், 'ஒன்றும் கேட்கவில்லை, திரும்பப் பாடுங்கள்' என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? "அருமை," என்றேன். அவருக்கும் அது கேட்டிருக்காது.

குறிகட்டுவான் துறையில் இறங்கியதும் அவரையும் சிவநேசனையும் ஒரு வேன் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. அதில் வேறு இடமில்லை. வேலணையில் இறங்க வேண்டிய நானும், அங்கே ஊர்காவற்றுறைக்கு மாற வேண்டிய பிலோமினா அக்காவும் பஸ் ஏறினோம். புங்குடுதீவு தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். மறுநாள் விமானம். இனி எனக்கு வேறு வழியில்லை.

"அக்கா, அந்தப் பாட்டின் மூன்றாவது சரணத்தில் என்ன வருகிறது?"

"மூண்டாவதோ? முதலாவதுதான்."

"முதலாவதா?"

"ஓம். திருப்பியும் குடையோடை நிக்கிறதைத்தான் பாடுவான்."

உடம்பு சிலிர்த்தது. திரும்பவும் நிற்கிறாள் என்றால் வர வேண்டியவர் வரவில்லை. இறங்கியது வேறு யாரோ. காத்திருப்பு முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்குகிறது. பாட்டையே வட்டமாக வளைத்து வைத்திருக்கிறார் மனுஷன். கட்டுரையின் இரண்டாம் பாகம் என் தலைக்குள் ஓடத் தொடங்கியது. அவசரமாக அக்காவிடம் விளக்கினேன்.

"அப்பிடியொண்டுமில்லை, தம்பி. அவன் ரெண்டுதான் எழுதினவன். பாட்டுக் கட்டையாக் கிடக்கு, மூண்டு வேணுமெண்டு ஸ்ரூடியோக்காரர் சொல்லிப்போட்டினம். அவன் முதலாவதையே திருப்பிப் பாடிப்போட்டு வந்திட்டான்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இரண்டு பக்கமும் கடல் இருந்தது. இப்போது அவ்வளவு அழகாகத் தெரியவில்லை.

"சரி அக்கா. அந்தக் கால்? அதுவாவது யாரோ ஒருவருடையதாக இருக்குமே?"

வேலணை வந்துகொண்டிருந்தது. பிலோமினா அக்கா பையைத் திறந்து செருப்பை எடுத்துக் கீழே போட்டார்.

"கால் என்ரை. அம்மா குடையோடை வந்து நிண்டவ. லோஞ்சுக்குள்ளை எனக்குச் செருப்பு அறுந்துபோச்சு. இழுத்துக்கொண்டு போறதைச் சனம் பாக்கக் கூடாதெண்டு எல்லாரையும் இறங்க விட்டிட்டுக் கடைசியா இறங்கினனான்." ஒரு செருப்பைப் போட்டு, வார் பிடிக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டார். "நீங்கள் அதைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு அவ்வளவு சனத்துக்கு முன்னாலை கதைக்கேக்கை, காலை எங்கை கொண்டுபோய் வைக்கிறதெண்டே எனக்குத் தெரியேல்லை."